ஆகஸ்ட் நோட்டு: பந்தை விட்டுட்டு அந்த அஞ்சு பேரை பாக்குறேன்

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இன்னைக்கு புது நோட்டு ஒண்ணு எடுத்தேன். காலேஜ் ஃபுட்பால் சீசன் ஆரம்பிக்க இன்னும் மூணு வாரம்தான். வருஷா வருஷம் யாரோ போட்ட லிஸ்ட்டை படிச்சிட்டு அதை வச்சு சண்டை போடுறதே வேலையா போச்சு, இந்த தடவை ஏபி லிஸ்ட் (பத்திரிகைக்காரங்க ஓட்டு போட்டு தர்ற டீம் வரிசை) வர்றதுக்கு முன்னாடி நானே பெரிய டீம்களை ஒவ்வொண்ணா எடை போட்டு எழுதிடணும்னு உக்காந்துட்டேன். ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: இது கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் மாட்டிட்டு முட்டி மோதுற அமெரிக்கன் ஃபுட்பால், ஆடுறது காலேஜ் பசங்க. நான் படிக்க வந்து கொலம்பஸ்லயே தங்கிட்டவன், ஒஹாயோ ஸ்டேட் எனக்கு சொந்த டீம், அதனால அந்த டீம் விஷயத்துல என் கண்ணு கொஞ்சம் சாயும்னு தெரியும், அதுக்கே ரெண்டு மடங்கு கவனமா இருக்கப் போறேன்.

இந்த வருஷம் எடை போடுறது ரொம்ப கஷ்டம். சாம்பியனை முடிவு பண்ற ப்ளே ஆஃப்ல போன வருஷம் வரைக்கும் நாலு டீம், இப்ப பன்னெண்டு. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிங்கிற லீக்குக்கு போயாச்சு, ஓரிகன், வாஷிங்டன், யூஎஸ்சி, யூசிஎல்ஏ நாலும் எங்க லீக்கான பிக் டென்னுக்கு வந்தாச்சு, பேர்ல டென் இருக்கு, உள்ள 18 டீம் இருக்கு. அந்த நாலும் விட்டுட்டு வந்த பாக்-12 லீக்ல மிச்சம் ரெண்டே டீம். அலபாமால கோச் நிக் சேபன் ஜனவரில ரிடயர் ஆயிட்டார், சாம்பியன் ஆன கையோட மிச்சிகன்ல இருந்து கோச் ஹார்பா என்எஃப்எல்லுக்கு (காலேஜ் முடிச்சவங்க காசுக்கு ஆடுற லீக்) போயிட்டார். இதுக்கு மேல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேற, ஏப்ரல்ல இருந்து ஒரு பையன் எத்தனை தடவை வேணா காலேஜ் மாறலாம்னு விதிய மாத்திட்டாங்க. சட்டை அதேதான், சட்டைக்குள்ள இருக்கிற ஆள் வேற.

7 ஆகஸ்ட், புதன்

சாயங்காலம் பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட நோட்டை காட்டினேன். அவர் ஹைஸ்கூல்ல லைன்மேனா ஆடினவர், இப்ப முட்டி ரெண்டும் போச்சு. நான் எல்லா டீமுக்கும் முதல்ல பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற க்வார்ட்டர்பேக் பேரைத்தான் எழுதியிருந்தேன். அதை பாத்துட்டு அவர் சொன்னது, முதல்ல முன்னாடி நிக்கிற அஞ்சு பேரை எழுது, பந்து பின்னாடி கண்ணு போகாம ஒரு முழு கேம் பாரு, அப்புறம் வந்து பேசு.

கபடில ரெய்டு போறவன் பேருதான் எல்லாருக்கும் தெரியும், கார்னர்ல நின்னு கணுக்காலை பிடிச்சவன் பேரு ஆட்டம் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். இங்கயும் அதே கதை. க்வார்ட்டர்பேக்கை காக்கிற அஃபென்சிவ் லைன்ல அஞ்சு பேரு, நடுவுல சென்டர், ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல டேக்கிள், ஒவ்வொருத்தனும் சுமார் 300 பவுண்டு, பந்தை பின்னாடி எடுத்துக் கொடுக்குற சென்டரைத் தவிர யாரும் பந்தை தொட மாட்டானுங்க, டிவில பேரு வராது, ஆனா அவனுங்க ஒரு அரை செகண்ட் கூட தாங்கலன்னா எவ்வளவு பெரிய க்வார்ட்டர்பேக்கா இருந்தாலும் முதுகுல மண்ணுதான்.

ராத்திரி மனசை கல்லாக்கிட்டு போன நவம்பர் 25 கேமை மறுபடி போட்டேன். மிச்சிகன் 30, நாங்க 24. இத்தனை நாள் எனக்கு அந்த கேம்னா கடைசில எங்க க்வார்ட்டர்பேக் மெக்கார்ட் எறிஞ்சத எதிராளி பிடிச்ச இன்டர்செப்ஷன் மட்டும்தான். இன்னைக்கு பந்தை பாக்கல. மூணாவது க்வார்ட்டர்ல மிச்சிகனோட ரைட் கார்டு ஜாக் சின்டருக்கு கால் எலும்பு முறிஞ்சு வண்டில ஏத்திட்டு போறாங்க, ஸ்டேடியமே அமைதியா நிக்குது, டேக்கிள்ல ஆடினவன் உள்ள கார்டுக்கு நகர்றான், பெஞ்சுல இருந்து வேற ஒருத்தன் வந்து டேக்கிள்ல நிக்கிறான், அடுத்த ப்ளேலயே அவங்க ப்ளேக் கோரம் 22 யார்டு ஓடி கோட்டைத் தாண்டி டச்டவுன். ஒரு ஆள் போனதும் சுவர் அப்படியே நிக்குது. நாங்க அந்த கேமை தோத்தது அங்கதான்னு எனக்கு ஒன்பது மாசம் கழிச்சு புரியுது.

9 ஆகஸ்ட், வெள்ளி

நோட்டுல முதல் காலம் இனிமே லைன். ரெண்டாவது க்வார்ட்டர்பேக். மூணாவது வெளியூர் கேம்.

ஜார்ஜியா எனக்கு ஒண்ணாம் இடம், இதுல ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கல. போன வருஷம் 29 கேம் தொடர்ந்து ஜெயிச்சுட்டு வந்து அலபாமாகிட்ட 27-24ன்னு எஸ்இசி ஃபைனல்ல தோத்தாங்க, அந்த ஒரே தோல்வில ப்ளே ஆஃபே போச்சு. ப்ராக் பவர்ஸ், மெக்கான்கி, மிம்ஸ் எல்லாம் என்எஃப்எல் போயிட்டாங்கதான், ஆனா டேட் ராட்லெட்ஜ், ஃபேர்சைல்ட், ட்ரஸ்னு லைன்ல ஆடிப் பழகின பசங்க திரும்பி வராங்க, பின்னாடி க்வார்ட்டர்பேக் கார்சன் பெக், போன வருஷம் 3,941 யார்டு எறிஞ்சவர். பயம் மூணாவது காலத்துலதான்: அலபாமா, டெக்சாஸ், ஓல் மிஸ் மூணையும் அவங்க ஊருக்கே போய் ஆடணும்.

டெக்சாஸ் எனக்கு நினைச்சதை விட மேல வருது. எல்லாரும் க்வார்ட்டர்பேக்குங்க யூவர்ஸ், ஆர்ச் மேனிங் பத்தியே பேசுறாங்க, நான் பாத்தது லைன்ல அஞ்சுல நாலு பேரு திரும்பி வர்றதை, லெஃப்ட் டேக்கிள் கெல்வின் பேங்க்ஸ் முதல் வருஷத்துல இருந்தே ஸ்டார்ட்டர். டிஃபென்ஸ் பக்கம்தான் ஓட்டை, நடுவுல நின்ன ஸ்வெட், மர்ஃபி ரெண்டு பேரும் போயாச்சு, அந்த மாதிரி ரெண்டு மலையை ஒரே வருஷத்துல யாராலயும் நிரப்ப முடியாது.

12 ஆகஸ்ட், திங்கள்

ஏபி லிஸ்ட் வந்துருச்சு. ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட், ஓரிகன், டெக்சாஸ், அலபாமா, ஓல் மிஸ், நோட்டர் டேம், பென் ஸ்டேட், மிச்சிகன், ஃப்ளோரிடா ஸ்டேட். இதுதான் வரிசை.

நான் நேத்தே எழுதி முடிச்சிட்டேன். பெரிய வித்தியாசம் ரெண்டு இடத்துல. மிச்சிகன் என் பத்துக்குள்ளயே இல்ல, லைன்ல அஞ்சு ஸ்டார்ட்டரும் காலி, க்வார்ட்டர்பேக் மெக்கார்த்தி, கோரம் காலி, என்எஃப்எல் ஆள் எடுக்கிற டிராஃப்ட்ல 13 பேரு போயிருக்கான், எந்த காலேஜும் இந்த வருஷம் அவ்வளவு கொடுக்கல. மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட்னு டிஃபென்ஸ் நடுவுல ரெண்டு பேரு இருக்கிறதால கேவலமா எல்லாம் போக மாட்டாங்க. ஆன் ஆர்பர்ல இருக்கிற மச்சான் போன் பண்ணி "டேய், சாம்பியன் டீமை பத்துக்குள்ள கூட வைக்கலன்னா அது வயித்தெரிச்சல்டா"ன்னான். மூணு வருஷமா தொடர்ந்து அவங்ககிட்ட தோக்குறோம், வயித்தெரிச்சல் இருக்குதான் மச்சான், ஆனா உன் லைனை காட்டு, பேசலாம்னேன்.

இன்னொண்ணு ஃப்ளோரிடா ஸ்டேட். ஏபி பத்துல வச்சத நான் ஆறுல வச்சிருக்கேன். போன வருஷம் 13-0, அப்படியும் க்வார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலு உடைஞ்சதால ப்ளே ஆஃப் கமிட்டி வெளிய தள்ளிட்டாங்க, அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறல. அப்புறம் சீசன் கடைசில வர்ற ஆரஞ்சு பவுல் கேம்ல பாதி டீம் ஆடாம ஜார்ஜியாகிட்ட 63-3. டிராஃப்ட்ல 10 பேரு போயாச்சு. ஆனாலும் லைனை எண்ணினேன், மாரிஸ் ஸ்மித், டேரியஸ் வாஷிங்டன், ராபர்ட் ஸ்காட்னு பல வருஷம் ஸ்டார்ட் பண்ணின பழைய கைங்க. தாத்தா சொன்ன கணக்குப்படி இது பலமான டீம்.

17 ஆகஸ்ட், சனி

நம்ம டீமுக்கு வரேன், இதைத்தான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

பேரை மட்டும் பாத்தா கண்ணு கூசுது. அலபாமால இருந்து சேஃப்டி கேலப் டவுன்ஸ், ஓல் மிஸ்ல இருந்து ஜட்கின்ஸ், கான்சஸ் ஸ்டேட்ல இருந்து க்வார்ட்டர்பேக் வில் ஹோவர்ட், அவர்தான் ஸ்டார்ட்டர்னு சொல்லியாச்சு. என்எஃப்எல் போயிருக்க வேண்டிய சாயர், டுய்மொலாவ், ஹெண்டர்சன், எக்புகா எல்லாரும் ஒரு வருஷம் இருந்து மிச்சிகனை அடிச்சிட்டு போறோம்னு திரும்பி வந்திருக்காங்க. ஜெரமையா ஸ்மித்னு எறிஞ்ச பந்தை பிடிக்கிற ரிசீவர், ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷப் பையன்), ப்ராக்டீஸ் க்ளிப்பை பாத்தாலே எந்திரிச்சு நிக்கத் தோணுது. யூசிஎல்ஏல ஹெட் கோச்சா இருந்த சிப் கெல்லி அதை விட்டுட்டு இங்க அஃபென்ஸை மட்டும் நடத்த வந்திருக்கார். இந்த டீமுக்கு சுமார் 2 கோடி டாலர் செலவாகுதுன்னு அத்லெடிக் டைரக்டர் வாயாலயே சொல்லியாச்சு.

சரி, அந்த காசு எல்லாம் எங்க போச்சு? லைனுக்கு புதுசா வந்த பெரிய ஆள்னா சென்டர் செத் மெக்லாக்லின் ஒருத்தர்தான், அவரும் அலபாமா. போன ரோஸ் பவுல்ல மிச்சிகன்கிட்ட ஓவர்டைம் கடைசி ப்ளேல ஸ்னாப் தாழ்வா போச்சே, அந்த சென்டர். ஒரு ப்ளேயை வச்சு ஒரு பையனை எடை போடுறது தப்பு, அதனால அந்த கேமை முழுசா உக்காந்து பாத்தேன். அன்னைக்கு அலபாமா க்வார்ட்டர்பேக் மில்ரோவை ஆறு தடவை பந்தோட கீழ சாய்ச்சு சாக் பண்ணினாங்க, அதுல சிலது டேக்கிள் பக்கத்துல இருந்தும், கூடுதலா ஆள் பாய்ஞ்சு வந்த ப்ளிட்ஸை யாரும் கவனிக்காததாலயும் நடந்தது, சென்டர் தலைல மட்டும் கட்ட முடியாது. அதுக்கப்புறம் எங்களோட காட்டன் பவுல் போட்டேன். மிசௌரி 14, நாங்க 3. ஒரு டச்டவுன் கூட இல்ல. க்வார்ட்டர்பேக் சின்னப் பையன்னு அன்னைக்கு சொல்லிட்டு தூங்கப் போனேன், இன்னைக்கு பாத்தா அவனுக்கு நிமிந்து பாக்கவே நேரம் கிடைக்கல.

ரெண்டுல எழுதியிருந்ததை அடிச்சு மூணாக்கினேன். கை நடுங்கிச்சு.

20 ஆகஸ்ட், செவ்வாய்

சின்ன குறிப்பு. இந்த வருஷத்துல இருந்து ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ வருது, கோச் நேரா ஒரு ப்ளேயர் காதுல பேசலாம், எதிர் டீம் கோச் காட்டுற சைகையை திருடுற பேச்சுக்கு இனிமே வேலை இல்ல. ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்துற டைம் அவுட்டும் வருது. புது டீமுக்கு வந்த க்வார்ட்டர்பேக்குக்கு ரேடியோ பெரிய ஒத்தாசை, முக்கியமா ஓரிகன்ல டில்லன் கேப்ரியலுக்கு, ஆனா அவருக்கு இது ஆறாவது சீசன், யூசிஎஃப், ஓக்லஹோமா எல்லாம் ஆடிட்டு வந்தவர், அவருக்கு சொல்லித்தரவே தேவை இருக்காது. ஓரிகன் நாலு. அக்டோபர் 12 அவங்க ஊர்ல எங்களோட ஆட்டம், அந்த தேதிய வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

24 ஆகஸ்ட், சனி

காலைல இருந்து வீட்ல வேற வேலையே ஓடல. ஜார்ஜியா டெக், ஃப்ளோரிடா ஸ்டேட், அயர்லாந்து டப்ளின்ல. எங்களுக்கு மத்தியானம் 12 மணி.

24-21. ஜார்ஜியா டெக் ஜெயிச்சிட்டாங்க. கடைசி ப்ளே, 44 யார்டு தூரத்துல இருந்து உதைச்ச ஃபீல்டு கோல்.

ஸ்கோர் என்னை பாதிக்கல, மூணு பாயின்ட்டுல யார் வேணா தோக்கலாம். பாதிச்சது நான் கண்ணால பாத்தது. பந்தை விட்டுட்டு லைனை மட்டும் பாத்தேன். ஃப்ளோரிடா ஸ்டேட் ஓடி எடுத்தது நூறு யார்டைக் கூட தொடல, டெக் கிட்டத்தட்ட அதோட ரெண்டு மடங்கு. கடைசி டிரைவ்ல டெக்குக்கு அவசரமே இல்ல, நாலு யார்டு, அஞ்சு யார்டுன்னு வயல்ல உழுற மாதிரி நேரத்தை தின்னுட்டே வந்தாங்க, ஃப்ளோரிடா ஸ்டேட் முன்வரிசையால நிறுத்த முடியல. டெக் கோச் ப்ரென்ட் கீ அதே காலேஜ்ல லைன்மேனா ஆடினவர், அது தெரியுது அவங்க ஆட்டத்துல.

25 ஆகஸ்ட், ஞாயிறு

ராத்திரி சரியா தூக்கம் இல்ல. எங்க தப்பு பண்ணினேன்னு யோசிச்சிட்டே இருந்தேன், காலைல நோட்டை பிரிச்சதும் தெரிஞ்சுது. ஃப்ளோரிடா ஸ்டேட் பக்கத்துல நான் எழுதியிருந்தது எல்லாம் எண்ணிக்கை. எத்தனை வருஷம், எத்தனை ஸ்டார்ட். ஜார்ஜியா, டெக்சாஸ், மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் நாலுக்கும் கேம் போட்டு பாத்தேன், இவங்களுக்கு மட்டும் ஒரு கேம் கூட பாக்கல. அவங்க மேல பரிதாபம் இருந்துச்சு, அது போதும்னு நினைச்சிட்டேன் போல. அந்த அஞ்சு பேரை பாருன்னுதான் தாத்தா சொன்னார், எண்ணுன்னு சொல்லவே இல்ல.

அவர்கிட்ட போய் சொன்னேன். வாசல்ல உக்காந்து பீன்ஸ் உரிச்சிட்டு இருந்தார், ஒரு கைப்பிடி என் பக்கம் தள்ளிவிட்டார், ரெண்டு பேரும் உரிச்சோம். அஞ்சு வருஷம் ஆடினவன்னா அஞ்சு வருஷ அடி வாங்கினவன்னும் அர்த்தம்னு சொன்னார், அவ்வளவுதான்.

28 ஆகஸ்ட், புதன்

மூணு ராத்திரியா, பாக்காம விட்ட டீமையெல்லாம் பாத்தேன். ஆபீஸ்ல கண்ணு எரியுது.

பென் ஸ்டேட்: போன நவம்பர்ல மிச்சிகன்கிட்ட 24-15 தோத்த கேம். ரெண்டாவது பாதில மிச்சிகன் கணக்குல ஒரு பாஸ் கூட இல்ல, எல்லாம் ரன்தான், வரப்போறது என்னன்னு ஸ்டேடியத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும், அப்பவும் தடுக்க முடியல. ஆனா அந்த டிஃபென்ஸ் கேவலமானது இல்ல, முக்கால்வாசி நேரம் அவங்க அஃபென்ஸ்தான் அவங்களை கைவிட்டுச்சு, இப்ப கான்சஸ்ல இருந்து அஃபென்ஸை நடத்த கோட்டல்நிக்கி வந்திருக்கார். ஏழுல இருந்தத அஞ்சுக்கு ஏத்தினேன்.

அலபாமா: டேக்கிள் கேடின் ப்ராக்டர் ஐயோவாக்கு கிளம்பிப் போய் அங்க ஒரு கேமும் ஆடாம திரும்பி வந்துட்டான், இது மட்டும் இல்லன்னா எட்டுக்கு கீழ போட்டிருப்பேன். சேபன் இடத்துக்கு வந்த டீபோர் நல்ல கோச், வாஷிங்டனை ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டு போனவர், ஆனா ஃபைனல்ல மிச்சிகன் 34-13ன்னு அடிச்சது முன்வரிசைலதான். ஆறு.

நோட்டர் டேம்தான் மனசை பிசையுது. ஜோ ஆல்ட், ஃபிஷர்னு ரெண்டு டேக்கிளும் என்எஃப்எல் போயாச்சு, லெஃப்ட் டேக்கிளுக்கு வச்சிருந்த பையனுக்கு இந்த மாசம்தான் நெஞ்சு தசை கிழிஞ்சது, அந்த இடத்துல இப்ப ஒரு ஃப்ரெஷ்மேன். முதல் கேமே டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஊர்ல, ஒரு லட்சம் பேரு கத்துவான், பக்கத்துல நிக்கிறவன் சொல்றதே கேக்காது. டிஃபென்ஸ் மேல எனக்கு முழு நம்பிக்கை, கோச் ஃப்ரீமேன் மேலயும்தான், ஆனா அந்த பையன் எப்படி நிக்கிறான்னு பாக்காம நம்பர் போட மனசு வரல. பென்சில்ல எட்டு.

ஃப்ளோரிடா ஸ்டேட்டை எடுத்துட்டேன்.

30 ஆகஸ்ட், வெள்ளி ராத்திரி

கடைசியா பேனால எழுதினது: ஜார்ஜியா, டெக்சாஸ், ஒஹாயோ ஸ்டேட், ஓரிகன், பென் ஸ்டேட், அலபாமா, ஓல் மிஸ். ஓல் மிஸ்ல வால்டர் நோலன் மாதிரி ஆளுங்க வந்து டிஃபென்ஸ் முன்வரிசை நிஜமாவே மாறியிருக்கு, அவங்க அஃபென்சிவ் லைன் பத்திதான் எனக்கு தைரியம் இல்ல, க்வார்ட்டர்பேக் டார்ட் கால்ல ஓடி காப்பாத்துவார்னு விட்டுட்டேன். நோட்டர் டேம் இன்னும் பென்சில்லதான், அதனால பேனா லிஸ்ட் ஏழோட நிக்குது.

மச்சானுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "உன் டீமையே மூணாவதா போட்டிருக்கியா, நிஜமாவா"ன்னு கேட்டான். நிஜமாத்தான். அந்த டீம் கடைசில ஜெயிக்கணும்னு என்னைவிட ஆசைப்படுறவன் இந்த தெருவுல கிடையாது, அதுக்குத்தான் இந்த நம்பரை பொய் இல்லாம எழுதினேன்.

நாளைக்கு 12 மணிக்கு ஜார்ஜியா, கிளெம்சன், அதுல பாதி பாத்துட்டு கிளம்பணும், 3.30க்கு ஆக்ரனோட எங்க முதல் கேம். தாத்தாவுக்கு படி ஏற முடியாதுங்கிறதால கீழ் வரிசைல ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். பைல தண்ணி பாட்டில், தொப்பி, நோட்டு, ரெண்டு பென்சில். முதல் க்வார்ட்டர் முழுக்க நான் சென்டரையும் ரைட் சைடையும் பாக்குறேன், லெஃப்ட் சைடு அவருக்கு. ஸ்மித் பந்தை பிடிச்சா கூட்டம் கத்துறதுல தெரிஞ்சிடும்.