எழுதுங்கால்

பிப்ரவரி 3, செவ்வாய்

அண்ணன் தீட்டிய படம் இன்று காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. மின்தூக்கிக்குள் நுழையாது என்பதால் இரண்டு பையன்கள் அதை மாடிப்படி வழியாகவே, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி நிறுத்தி, மூன்றாம் தளத்துக்குத் தூக்கி வந்தார்கள். நான்கடிக்கு ஐந்தடி, சுற்றிலும் பழைய போர்வை, அதன்மேல் சணல் கயிறு. புத்தக அலமாரியை நகர்த்தி, கிழக்குச் சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

மதியம் அண்ணி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். அண்ணனை ஐந்தாவது மாடிக்கு மாற்றிவிட்டார்களாம். "உன்கிட்டதான் முதல்ல அனுப்பச் சொன்னார், தம்பி. பத்தொன்பதாம் தேதிக்குள்ள படத்துக்கான கவிதைய எழுதிடு" என்றார். எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அப்போது நான் போர்வையை அவிழ்த்திருந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

அந்தச் செம்மண் நிறம் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

மூன்று வாரங்களுக்கு முன் அண்ணன் கைப்பேசியில் அனுப்பிய புகைப்படத்தையும் சுவரிலிருக்கும் கித்தானையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புகைப்படத்தில் இடது கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, சுட்ட செங்கல்லின் உள்ளே தெரிகிற நிறம் ஒன்று இருக்கிறது. படம் முழுவதும் பரவிக் கிடக்கிற நீலச்சாம்பலுக்கு அது ஒன்றுதான் எதிர்ப்பேச்சாக இருந்தது. என் பதினொரு வரியும் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பின. இப்போது அந்த இடத்திலும் சாம்பல்.

1956இல் அமெரிக்கக் கவிஞர் ஃபிராங்க் ஓஹாரா எழுதிய, தான் ஏன் ஓவியன் இல்லை என்று சொல்கிற கவிதை நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நண்பர் மைக் கோல்ட்பர்க்கின் பட்டறைக்குள் கவிஞர் போகிறார். கித்தானில் மத்தி மீனைக் குறிக்கும் சொல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது என்கிறார் ஓவியர். நாட்கள் கழிகின்றன, கவிஞர் மறுபடி போகும்போது படம் முடிந்திருக்கிறது, மீனைக் காணவில்லை, எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கேட்டால், மிகையாகிவிட்டது என்கிறார் ஓவியர். கவிஞரோ ஆரஞ்சு நிறத்தைப் பற்றி எழுதத் தொடங்கிப் பன்னிரண்டு கவிதைகள் எழுதிவிடுகிறார்; ஒன்றிலும் அந்த நிறத்தின் பெயர் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்தக் கவிதையை ஒரு விளையாட்டாகத்தான் படித்து வந்திருக்கிறேன். இன்றைக்கு அது வேறு மாதிரி படுகிறது. அதில் முக்கியம், கவிஞர் திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்ட முடிந்தது என்பதும், கேட்டதற்கு உள்ளிருந்து ஒருவர் பதில் சொன்னார் என்பதும்தான். அந்தப் பன்னிரண்டு ஆரஞ்சுக் கவிதைகளை ஓவியர் கிரேஸ் ஹார்ட்டிகன் 1952இல் வரிகளோடு சேர்த்தே பன்னிரண்டு ஓவியங்களாக ஆக்கினார். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒருவர் மற்றவரின் ஈரம் காய்வதற்குள் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். சமகாலக் கவிஞர் சமகால ஓவியத்துக்கு எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுதான். இறந்துபோனவரின் படத்துக்கு எழுதுவது எளிது. அவர் மூலையை அழிக்கமாட்டார்.

கடைசி வாக்கியத்தை எழுதிய பிறகு வெகுநேரம் பேனாவை எடுக்க முடியவில்லை.

பிப்ரவரி 7, சனி

மாலை நான்கிலிருந்து ஆறு வரை அனுமதி. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் சாம்பல் நிற வண்ணம் ஒட்டியிருக்கிறது. செவிலியர் துடைத்துப் பார்த்தும் போகவில்லை என்றார் அண்ணி.

பிப்ரவரி 8, ஞாயிறு

புகைப்படம் வந்த அன்று இரவே நான் தொலைபேசியில் பேசியிருந்தேன். அந்த மூலையைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசியிருப்பேன். அது இல்லாவிட்டால் படமே இல்லை என்றுகூடச் சொன்னேன். அண்ணன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ அதையே பாக்கறே" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நான்தான் அழிக்க வைத்தேனா?

பிப்ரவரி 9, திங்கள்

தூக்கம் வராமல் பரிபாடலை எடுத்தேன். பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்கே தீட்டியிருக்கும் ஓவியங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். இவள் யார், இவன் யார் என்று சிலர் கேட்க, தெரிந்தவர்கள் விடை சொல்கிறார்கள்: இரதி, காமன், பூனையாக நிற்பவன் இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன். நப்பண்ணனார் அந்த ஓவியங்களின் வண்ணத்தைப் பற்றிப் பேசவில்லை, கோட்டைப் பற்றிப் பேசவில்லை. படத்துக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தின் பேச்சைத்தான் கவிதையாக்கியிருக்கிறார். விரல் நீட்டிக் கேட்கிற குரலும் பதில் சொல்கிற குரலும் அப்படியே காதில் விழுகின்றன. தன் காலத்து மண்டபத்தில், தன் காலத்துச் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று எழுதிய புலவர் அவர்.

அந்த இடத்துக்கு அவர் கொடுக்கிற பெயர் எழுத்துநிலை மண்டபம். ஓவியமும் எழுத்துதான். படத்தை எழுதினார்கள், கண்ணுக்கு மையை எழுதினார்கள், ஓலையில் பாட்டையும் எழுதினார்கள். மூன்றுக்கும் ஒரே வினை. அண்ணன் அழித்ததும் எழுத்தென்றால், நான் அடித்துவிட்டுத் திருத்தி எழுதாத வரியா அது? என் நோட்டில் அடித்த வரிகளைப் பற்றி யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

"எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்": காலையிலிருந்து இந்த ஒரு குறள் வரியே வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

காலை ஏழேகால். சன்னல் வழியே வந்த வெயில் படத்தின்மேல் நேராக விழாமல், சுவரை ஒட்டிச் சாய்வாக ஓடியது. அப்போதுதான் பார்த்தேன். இடது கீழ் மூலையில், சாம்பலுக்கு அடியில், ஒரு விளிம்பு இருக்கிறது. கத்தியால் அப்பி இழுத்த வண்ணம் முடிகிற இடத்தில் எழும்பி நிற்குமே, அந்தக் கரை; சோற்றுப் பானையின் வாயில் கஞ்சி வழிந்து உலர்ந்த தடம்போல. முழங்காலிட்டு, மூக்கு கித்தானில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். மூன்று பக்கம் கரை, நான்காவது பக்கம் திறந்திருக்கிறது. சாம்பல் அதன்மேல் மெல்லிய பூச்சாகத்தான் போயிருக்கிறது. ஒரு கடுகளவு இடத்தில் நெசவின் முடிச்சு ஒன்று மேலே தள்ளிக்கொண்டிருக்க, அதன் தலையில் செம்மண் தெரிகிறது. அழிக்க நினைத்தவர் இப்படி மெல்லிதாகப் பூசமாட்டார். அண்ணனுடைய கை எனக்குத் தெரியும். அவர் அழித்தால் சுரண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி வெள்ளையடித்துத்தான் தொடங்குவார்.

ஏழரை மணிக்கு வெயில் நகர்ந்துவிட்டது. கரை மறைந்துவிட்டது. ஒரு நாளில் கால்மணி நேரம் மட்டும் தெரிகிற ஒன்றை அவர் வேண்டுமென்றே வைத்தாரா, அல்லது என் வீட்டுச் சன்னலின் தற்செயலா?

புதிதாக நான்கு வரி வந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

நான்கு வரியில் மூன்று பொய்.

பிப்ரவரி 14, சனி

மருத்துவமனையில் உள்ளே விடவில்லை. வெளியே வந்து, வீட்டுக்குப் போக மனமில்லாமல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினேன். இருபத்திரண்டு வயதில் அண்ணன்தான் என்னை முதன்முதலாக அங்கிருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்றின்முன் என்னை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் போய்விட்டார். பணிக்கர் 1963இல் தொடங்கிய வரிசை அது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய ஜாதகக் கட்டம். கிட்டப் போனால் மலையாள எழுத்தைப்போல வரிவரியாக, கணக்குக் குறிகளைப்போல, சிறுசிறு கோடுகள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றேன். ஒரு சொல்லும் தேறவில்லை. திரும்பி வந்த அண்ணனிடம், எனக்கு மலையாளம் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தெரிந்தவர்களாலும் அதைப் படிக்க முடியாது என்றார். கவிதை எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

தமிழில் இந்த உறவு பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் நடந்திருக்கிறது. சிற்றிதழ்க் காலத்தில் புதுக்கவிதைக்காரர்களும் ஓவியர்களும் ஒரே தேநீரைப் பங்கிட்டுக் குடித்தார்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடு இல்லாமல் அந்தக் காலத்துப் பக்கங்களை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஓவியர்கள் எங்கள் சொற்களைப் படித்தார்கள், அட்டைக்கு எழுத்து வரைந்தார்கள், கதைக்குக் கோடு போட்டார்கள். நாங்கள் அவர்களுடைய கித்தான்களுக்கு என்ன திருப்பிக் கொடுத்தோம்? 2008 சனவரியில் ஆதிமூலம் போன பிறகு எத்தனையோ பேர் எழுதினோம். அவர் நீலத்தையும் மஞ்சளையும் அகலஅகலமாக இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்த எண்ணெய் வண்ணம் காய்வதற்குள் போய் நின்று, அவர் காதில் விழுகிற மாதிரி எழுதிய வரிகள் எத்தனை? எனக்கு இது ஆறவில்லை. இந்த முறை பிந்தக் கூடாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

காட்சிக்கூடத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. கவிதையைப் படத்தின் பக்கத்தில் அட்டையில் ஒட்டப்போகிறார்களாம். பார்வையாளருக்குப் படம் விளங்குகிற மாதிரி பத்து வரிக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். விளக்குகிற வேலைக்குக் கவிதை எதற்கு? பரங்குன்றத்தில் விரல் நீட்டிக் கேட்டவர்களுக்கு அங்கிருந்தவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். புலவர் அந்த விடைகளின் பக்கத்தில் நின்றார், விடையாக நிற்கவில்லை. இதையெல்லாம் எழுதிப் பதில் அனுப்பவில்லை. பத்து வரிக்குள் முடிக்கப் பார்க்கிறேன் என்று மட்டும் அனுப்பினேன், அதற்காக இப்போது கோபமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

நாளைக் காலை தொண்டையில் துளையிடுகிறார்கள். நாளைக்குப் பிறகு சில நாள் பேச்சு வராது என்று அண்ணி சொன்னார். 'சில நாள்' என்பதை இரண்டு முறை சொன்னார்.

நெடுநல்வாடையில் அரசி படுத்திருக்கிறாள். தலைவன் பாசறையில். கட்டிலுக்கு மேலே புதிதாகச் செய்த மெழுகுத் துணியில் வானம் தீட்டப்பட்டிருக்கிறது. ஆட்டை முதலாகக் கொண்ட இராசிகள், அவற்றின் ஊடே ஞாயிறு செல்லும் வழி, திங்களைவிட்டுப் பிரியாத உரோகிணி. அந்த உரோகிணியைப் பார்த்து அவள் நெடிதாக மூச்சு விடுகிறாள். எத்தனை முறை படித்திருக்கிறேன், 'புதுவது இயன்ற' என்ற சொல்லில் இன்றுதான் கண் நின்றது. புதிய படம். மெழுகின் வாசம்கூட இன்னும் போயிருக்காது. நக்கீரர் அந்தப் படத்தைச் சில வரிகளுக்குள் முடித்துவிடுகிறார். அதற்குமேல் அவருக்கு வேண்டியிருப்பது கீழே கிடப்பவளின் மூச்சு. படத்தைத் தீட்டியவன் அந்த மூச்சைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கவிஞர் கேட்டார்.

அப்படியானால் என் பதினொரு வரியும், அதற்குப் பின் வந்த நான்கு வரியும் தோற்றது நிறம் போனதால் இல்லை. நான் மூலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். மூலையைத் தேடி முழங்காலிட்டவனைப் பற்றி, ஏழேகாலுக்கு வெயில் வருமா என்று ஏழு மணியிலிருந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பற்றி, ஐந்தாவது மாடியில் நகத்தடிச் சாம்பலோடு தூங்குகிறவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மையெழுதும்போது கண்ணுக்குக் கோல் தெரியாது என்கிறது குறள். எனக்குக் கோல் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது; பிடித்திருந்த கை தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

முடிந்தது. நல்லபடியாக என்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஒன்பது வரி எழுதினேன். செம்மண் என்ற சொல் அதில் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

ஐந்து நிமிடம் மட்டும் விட்டார்கள். அண்ணன் விழித்திருந்தார். கழுத்தில் குழாய், தலைமாட்டில் அண்ணி. மடிமேல் குழந்தைகள் எழுதுகிற சின்னப் பலகை ஒன்று, நூலில் கட்டிய எழுதுகோலோடு. வலது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் இடக்கையால் எழுதுகிறார்.

காதருகே குனிந்து ஒன்பது வரியையும் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். ஆறாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாவது முடிந்தும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, கேட்கக் கூடாது என்று படியேறும்போதே முடிவெடுத்திருந்தும், கேட்டுவிட்டேன். "அந்த மூலைய நான் சொன்னதாலயா மூடினீங்க, அண்ணே?"

அவர் பலகையை இழுத்துக்கொண்டு வரைந்தார், அல்லது எழுதினார். ஒரு நெடுங்கோடு, அதிலிருந்து மடங்கி இறங்குகிற இன்னொன்று, கீழே ஒரு வளைவு. அண்ணி எட்டிப் பார்த்து, தண்ணீர் கேட்கிறார் என்று பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். அவர் பஞ்சை வாங்கிக்கொண்டார். ஆனால் பார்வை என்மேல் இருந்தது. எனக்கு அதில் 'த' தெரியவில்லை. மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்த வடிவம் தெரிந்தது. செவிலியர் நேரமாகிவிட்டது என்றார். நான் கிளம்புவதற்குள் அண்ணி பலகையைத் துடைத்துவிட்டார், அடுத்த சொல்லுக்கு இடம் வேண்டுமே.

பிப்ரவரி 19, வியாழன்

திறப்பு தள்ளிப்போயிருக்கிறது. படம் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் அண்ணி. நான் காரணம் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்று மேகமூட்டம். ஏழேகால், ஏழு இருபது. மூலை முழுவதும் சாம்பலாகத்தான் இருக்கிறது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், கரை இருக்கிறது.