வெட்டாமல் விழுந்த மரங்கள்

என் தந்தை இளமையில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டையிலிருந்து மலைக்காடுகளுக்கு மர லாரிகளில் சுமை ஏற்றும் வேலைக்குப் போனவர். காடு அழிவதைப் பற்றி வீட்டில் யார் பேசினாலும், "முத்திரை குத்தின மரத்தை மட்டுந்தான் தொட்டோம் கண்ணு, மத்த மரமெல்லாம் அப்படியேதான் நின்னுச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நன்கு முதிர்ந்த மரங்களில் சுத்தியல் முத்திரை இட்டு அவற்றை மட்டும் எடுப்பதுதான் அன்றைய முறை. நானும் அதை நெடுநாள் அப்படியே நம்பினேன்.

மலேசியாவின் தெக்காம் காட்டில் 1980களில் செய்யப்பட்ட ஆய்வைப் படித்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அங்கே இயந்திரங்களைக் கொண்டு நடந்த வெட்டில் எடுக்கப்பட்டவை மொத்த மரங்களில் 3.3 விழுக்காடுதான். ஆனால் அழிந்தவை 50.9 விழுக்காடு. பெருமரம் சாயும்போது அதன் முடி அண்டை மரங்களை ஒடிக்கிறது, கொடிகளால் பிணைந்தவற்றையும் சேர்த்து இழுக்கிறது. பிறகு கட்டைகளை இழுத்துவரும் தடம், லாரிப் பாதை, கட்டைகளை அடுக்கும் களம் என ஒவ்வொன்றுக்காகவும் மேலும் மரங்கள் போகின்றன. கணக்குப் புத்தகத்தில் ஏறுவது நூற்றுக்கு அந்த மூன்று மரம் மட்டுமே.

அங்கு வாழும் விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் எத்தனை மரம் என்பதைவிட எந்த மரம் என்பதே பெரிய கேள்வி. ஆல், இச்சி, அத்தி இனங்களின் பழங்களை உலகெங்கும் 1,200க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் உண்கின்றன. வேறு மரங்கள் காய்க்காத மாதங்களிலும் அவற்றுள் ஏதேனும் ஒரு மரம் பழுத்து நிற்கும். அவற்றின் கட்டைக்கு விலை கிடையாது என்பதால் யாரும் தேடி வெட்டுவதில்லை. ஆனால் பல அத்தியினங்கள் பெரிய மரங்களின் கிளையில் முளைத்து, அவற்றைத் தழுவியபடியே வளர்பவை. தாங்கி நிற்கும் மரத்துக்கு முத்திரை விழுந்தால் அத்தியும் அதனோடு சாய்கிறது.

தெக்காமில் பழம் தின்னும் விலங்குகளுக்குத்தான் முதலில் பஞ்சம் வந்தது. கிப்பன் குரங்குகள் தம் எல்லையை விட்டு அகலாமல், பழம் குறைந்த இடத்தில் இலையை அதிகமாக உண்டு காலம் தள்ளின. இலைக் குரங்குகள் அத்தனை துன்பப்படவில்லை. வெளிச்சம் விழுந்த இடங்களில் விரைந்து முளைக்கும் மரங்களின் இளந்தளிரில் நாரும் துவர்ப்பும் குறைவு என்பதால், அவற்றுக்குத் தீனி ஓரளவு கிடைத்துவிடுகிறது. உகாண்டாவின் கிபாலே காட்டில் 1960களில் கடுமையாக வெட்டப்பட்ட பகுதிகள் பல பத்தாண்டுகள் கழிந்தும் மீளவில்லை. வெட்டவெளிகளில் அடர்ந்த புதரை மேய யானைகள் திரும்பத் திரும்ப வந்து, இளமரங்களையும் ஒடித்துவிடுகின்றன.

அவை மழைக்காடுகள், நம்முடையது வறண்ட இலையுதிர் காடு. அங்குள்ள கணக்கை அப்படியே இங்கு பொருத்துவது தவறு. ஆயினும் அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லும்போதெல்லாம் எந்த மரம் என்ற அதே கேள்விதான் எனக்குள் எழுகிறது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டதை நான் மனமார வரவேற்றேன். ஆற்றங்கரை நீர்மருதுகளின் உச்சியில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவும் சாம்பல் நிற மலை அணிலுக்கு இடையில் நான்கு மரம் போனாலே வழி அறுந்துவிடும்.

யானையின் கதை இன்னும் விரிவானது. 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் ஆராய்ந்த ராமன் சுகுமார், யானைகள் குறைந்தது 112 வகைத் தாவரங்களை உண்பதைப் பதிவு செய்தார். ஆனால் அவற்றில் 25 வகைகளே உணவில் 85 விழுக்காடு. வறண்ட மாதங்களில் அது பெரும்பாலும் தழையும் பட்டையும்தான், மழை தொடங்கியதும் புல்லே முதன்மை. அந்தச் சில வகைகள் மெலிந்தால் காடு பச்சையாகத் தெரிந்தும் யானைக்கு வயிறு நிறையாது. வெயில் இறங்கும் வெளிகளில் புல்லை நெருக்கிக்கொண்டு உண்ணிச்செடி படர்கிறது, அதை யானை தீண்டுவதில்லை. கேழ்வரகுக் கதிரிலோ காட்டுப் புல்லைவிடப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் கூடுதல். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதிர் முற்றும் நாட்களில் பரண்மேல் விழித்திருக்கும் எங்கள் உறவினர்களிடம் இதைச் சொன்னால், யானையைத் திட்டுவதைச் சற்று நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள்.

நம் மலைகளில் தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்ட மரம் என்றால் சந்தனம்தான். வேரிலும் எண்ணெய் இருப்பதால் அதை அடியோடு தோண்டி எடுப்பார்கள், மிஞ்சுவது குழி மட்டுமே. பக்கத்து மரங்களின் வேரைப் பற்றி உணவு உறிஞ்சி வளரும் மரம் அது. அதன் கருஞ்சிவப்புப் பழங்களைக் குயிலும் கொண்டைக்குருவியும் விழுங்குகின்றன. சென்ற மாதம் தந்தையை அழைத்துக்கொண்டு ஊர்க் கரட்டில் ஏறினேன். பழைய குழி ஒன்றிலிருந்து சற்றுத் தள்ளி, குருவிகள் வந்தமரும் முட்புதருக்குள் முழங்கால் உயரத்தில் மூன்று சந்தனக் கன்றுகள் நின்றன. அவர் குனிந்து, முள்ளை விலக்காமலேயே, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.