ரங்கூன், மேல் படுக்கை

ஜனவரி 9, 2019

முன்பதிவுப் படத்தில் காட்டிய ஜன்னல் விடுதி அறையில் இல்லை. வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டால் அது மேல்மாடியாம். மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. எட்டுப் பேர் அறை, எனக்கு மேல் படுக்கை. நான் புரண்டால் கீழே படுத்திருப்பவர் இருமுகிறார்.

பணம் கட்டும்போது இன்னொரு கூத்து. நூறு டாலர் நோட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தாள், நடுவில் இருந்த மடிப்பை நகத்தால் தடவினாள், திருப்பித் தள்ளிவிட்டாள். இந்த ஊரில் டாலர் என்றால் சலவை நோட்டுதான். கிழியவில்லை, கறை இல்லை, வெறும் மடிப்பு!

ஜனவரி 10

பெரியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது, "எங்கடா போறே, இங்கேயே படு" என்றார். அண்ணன் சுவரைப் பார்த்தார். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவன் உரிமம் உள்ள விடுதியில்தான் தூங்க வேண்டும், மீறினால் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர். இதை அண்ணன் சொன்னதும் பெரியம்மாவுக்குக் கோபம். "தங்கச்சி மகன் வெளிநாட்டுக்காரனா?"

1964-இல் அரசு கடைகளை எடுத்துக்கொண்டதில் எங்கள் கடையும் போனதும் அம்மா கப்பலேறினார், பெரியம்மா ஏறவில்லை. அதை நான் சொல்லவில்லை.

ஜனவரி 11

மூட்டைப்பூச்சி. இடது கையில் வரிசையாக மூன்று தடிப்பு.

ஜனவரி 12

பூச்சி போகட்டும், சிக்னல்தான் என் பிரச்சினை. ஜன்னல் இல்லாத அறையில் போன் செத்துப்போகிறது. வைஃபை நடைவழியில் மட்டும், அதுவும் தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் நின்றால். இரவு பதினொன்றுக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். சாவிக்காரப் பையன் எங்கே தூங்குகிறான் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கினால் அண்ணன் யாரைக் கூப்பிடுவார்? கூப்பிட்டாலும் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எப்படி வெளியே போவது? வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

படுக்கையை மாற்றிக் கேட்டேன். வரவேற்புப் பெண் சிரித்தாள்.

காலை உணவு உண்டு என்று போட்டிருந்தார்கள். காய்ந்த ரொட்டி இரண்டு, வாழைப்பழம் ஒன்று. முக்குத் தேநீர்க் கடையில் மொகிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பும் அரிசிச் சேமியாவும் சுடச்சுட, மேசையில் ஃபிளாஸ்க் நிறைய இலவசத் தேநீர். ஊருக்கு நல்ல மனசு, விடுதிக்குத்தான் இல்லை.

ஜனவரி 13

விடிய விடிய நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலி. போன் வரவில்லை. வராததே பயமாக இருந்தது.

ஷட்டர் திறந்ததும் ஓடினேன். அண்ணன் வீடு மூன்றாம் மாடி. பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். இழுத்தால் மேலே மணி அடிக்கும். அண்ணி எட்டிப் பார்த்து, கிளிப்பில் சாவியை மாட்டி இறக்கினார். பெரியம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் காய்ச்சல் மாதிரி இருந்தது.

ஜனவரி 15

பொங்கல். அனோரதா சாலை காளி கோவிலில் நல்ல கூட்டம். பெரியம்மா இரண்டு வாய் சாப்பிட்டார், இனிப்பு போதாது என்றார். அண்ணிக்கு அதுவே திருநாள்.

கையில் புதிதாக இரண்டு தடிப்பு.

ஜனவரி 16

வேறு விடுதி பார்த்துவிட்டேன். 22 டாலர், கொள்ளைதான். அறைக்குள் நின்று முதலில் போனைப் பார்த்தேன். நான்கு கோடு.

இந்தப் பழைய விடுதியில் மீதிப் பணம் தர மாட்டார்களாம். முன்பதிவில் எழுதியிருக்கிறதாம், எங்கே என்றால் காட்டத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி போன். "உடனே வாங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். பையை இங்கேயே போட்டுவிட்டுப் போகிறேன்.