கருவாடும் குறுக்கெழுத்தும்

மறைகுறிப்புக் குறுக்கெழுத்தைப் புதிதாகத் தொடங்கும் பாம்பன் நண்பர்களுக்காக நான் அமைத்த குறிப்பு இது: ‘காய்ந்த மீன், முட்டைக்குள் இருப்பதுடன் வதங்கு (4)’.

இவ்வகைக் குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிற்கும். எஞ்சிய சொற்கள், சேர்த்துப் படிப்பவரைத் திசைதிருப்பினாலும், விடையைக் கட்டும் வழியையே சொல்கின்றன. இங்கே நேர்ப்பொருள் ‘காய்ந்த மீன்’. முட்டைக்குள் இருப்பது கரு, வதங்கு என்றால் வாடு, இரண்டையும் ‘உடன்’ ஒட்டவைக்கிறது. கட்டத்துக்கு ஓர் எழுத்தாக க, ரு, வா, டு என்று நிரப்பலாம். மெய்யெழுத்து வந்தால் அதற்கும் தனிக் கட்டம் உண்டு.

‘தங்கை துறவியர் இல்லத்தில் சேர, தீவில் ஓர் ஊர் (8)’ என்பதற்கு விடை தங்கச்சிமடம். ஊர்ப்பெயரே அப்படித்தான் பிரிகிறது என்பதால், எங்கள் பக்கத்துச் சிறுவர்கள் பென்சிலை எடுக்குமுன்பே சொல்லிவிடுவார்கள். நல்ல குறிப்பென்று அதை நான் மெச்சமாட்டேன்.