2.5 போதும்: பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடும் முறை

திருநெல்வேலியில், பாளையங்கோட்டையிலோ டவுணிலோ ஒரு மெடிக்கல்ஸில் போய் நின்று, “அண்ணாச்சி, பருவுக்கு ஒரு கிரீம் குடுங்க” என்று கேட்டால் கையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஒரு கடையில் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல் வரும். இன்னொரு கடையில் முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி ஸ்டீராய்டு கலந்த கிரீம் வரும். அதனால் பொதுவாகக் கேட்க வேண்டாம். மருந்தின் பெயரையும் அளவையும் சேர்த்தே கேளுங்கள்: “பென்சாயில் பெராக்சைடு ஜெல், 2.5 சதவீதம்.” வாயில் நுழையவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். டியூபை வாங்கியதும் அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் சதவீதத்தையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடையில் 2.5, 5, 10 என்று மூன்று அளவு இருக்கும். பத்துதான் சீக்கிரம் கேட்கும் என்று பலரும் அதையே வாங்குகிறார்கள். இந்த மூன்று அளவையும் ஒப்பிட்டு 1986-இல் வெளியான ஆய்வு, சிவந்து வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாக வேலை செய்கிறது என்று காட்டியது. எரிச்சலும் தோல் உரிதலும் பத்தில்தான் அதிகம். கூடுதல் பலன் இல்லாமல் கூடுதல் எரிச்சலை வாங்குவதில் அர்த்தம் இல்லை.

நம் தோலுக்கு இது இன்னும் முக்கியம். மாநிறமும் கறுப்புமான தோலில் எந்த வீக்கம் வந்தாலும், அது ஆறிய இடத்தில் கறுப்புக் கறை எளிதாக நிற்கும். பரு ஒரு வாரத்தில் அமுங்கிவிடும், அதன் கறை மாதக்கணக்கில் போகாது. மருந்து போட்டு வந்த எரிச்சலும் தோலுக்கு ஒரு வீக்கம்தான். பத்து சதவீதத்தைத் தடவிக் கன்னம் முழுக்க வெந்து, பருவே இல்லாத இடத்திலும் கறை வாங்கியவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. 2.5-இல் தொடங்கி, போடும் நாட்களை மெல்லக் கூட்டியிருந்தால் அது வந்திருக்காது.

மருந்து வேலை செய்யும் விதம் எளிது. மயிர்க்கால் துளை எண்ணெயாலும் செத்த தோல் செல்லாலும் அடைபட்டு உள்ளே காற்றில்லாமல் போகும்போது, அங்கே ஒரு பாக்டீரியா பெருகிப் பரு வீங்குகிறது. பென்சாயில் பெராக்சைடு தோலுக்குள் பிரிந்து ஆக்சிஜனை வெளிவிட்டு அந்தக் கிருமியைக் கொல்கிறது, அடைப்பையும் ஓரளவு இளக்குகிறது. ஆன்டிபயாடிக்குக் கிருமி பழகிப் போவது போல இதற்குப் பழகுவதில்லை. அதனால்தான் கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடக் கூடாது, கூடவே இதுவும் இருக்க வேண்டும் என்கிறார்கள் தோல் டாக்டர்கள். உள்ளே போகும் சிறிதளவும் பென்சாயிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும்.

இனி போடும் முறை. முதல் மூன்று நாள் முகம் முழுக்கப் போட வேண்டாம். தாடை ஓரத்தில் பரு உள்ள ஒரு சிறிய இடத்தில் மட்டும் தடவிப் பாருங்கள். லேசான எரிவும் தோல் வறட்சியும் வருவது இயல்பு. கடும் அரிப்பு, தடிப்பு, நீர் கோத்தல், கண் இமை வீங்குதல் இவற்றில் எது வந்தாலும் அது ஒவ்வாமை. உடனே கழுவிவிட்டு இந்த மருந்தையே மறந்துவிட வேண்டும். அளவைக் குறைத்துப் பார்ப்பதும் கூடாது. மூச்சு முட்டினாலோ தொண்டை இறுகினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது.

மூன்று நாளும் சரியாகப் போனால் இரவில் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். காரமில்லாத ஃபேஸ்வாஷ் போட்டுக் கையாலேயே கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு 10, 15 நிமிடம் காய விடுங்கள். ஈர முகத்தில் போட்டால் எரிச்சல் கூடும். ஒரு பட்டாணி அளவு ஜெல் முழு முகத்துக்கும் போதும். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் பொட்டு வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். வெள்ளையாகப் படலம் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். கண்ணைச் சுற்றிய இடம், மூக்கு மடிப்பு, வாய் ஓரம் மூன்றிலும் படக் கூடாது. அங்கே தோல் மெல்லிசு, முதலில் வெடிப்பது அதுதான். முன்னாலேயே அந்த ஓரங்களில் கொஞ்சம் வாசலின் தடவி வைத்தால் நல்லது. ஜெல் காய்ந்ததும் எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். ரொம்பக் காய்ந்த தோல் என்றால் மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு அதன் மேல் ஜெல்லைப் போடலாம், பலன் கெடாது.

பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. இன்று தெரியும் பரு பல நாளுக்கு முன்பே உள்ளே அடைபட்டது. அடுத்து வரப்போவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதும் தடவினால்தான் புதிது வராமல் இருக்கும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு தோல் தாங்கினால் தினமும் இரவு போடலாம். தினம் அரை கிராம் என்று வைத்தால் 30 கிராம் டியூப் இரண்டு மாதம் வரும். உங்கள் டியூப் பத்து நாளில் தீர்ந்தால் அளவு மீறிப் போகிறது என்று அர்த்தம். இரவு முழுக்க வைத்தால் தாங்காதவர்கள் 5 அல்லது 10 நிமிடம் வைத்துவிட்டுக் கழுவலாம். எண்ணெய் வழியும் முகம் உள்ளவர்களுக்குத்தான் ஜெல்லில் சௌகரியம் அதிகம். வாங்கும்போது தண்ணீரில் செய்த ஜெல்லா என்று கேளுங்கள், ஆல்கஹாலில் செய்தது இன்னும் காய வைக்கும்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் மூன்று வாரம் தோல் காய்ந்து உரியும், சிலருக்குப் பரு குறையாதது போலவே இருக்கும். பெரும்பாலோர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். உரிதல் அதிகமானால் இரண்டு மூன்று நாள் விட்டு, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாளுக்குத் திரும்புங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முகம் தெளிந்த பின்னும் விட்டுவிட்டால் பரு திரும்ப வரும். வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது தொடர வேண்டும்.

நம்ம பக்கத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் தோலில் படிந்து நிற்கும், அதன் மேல் இந்த ஜெல் போட்டால் எரியும். முகம் அலச மட்டும் இரண்டு செம்பு குடிதண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று முகத்தை வறட்டிவிடும். பைக்கில் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினம் வந்து போகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் மருந்தைக் குறைத்து மாய்ஸ்சரைசரைக் கூட்டுவது நல்லது. பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். வெயில் பட்டால் கறுப்புக் கறை இன்னும் அழுத்தமாகும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழிய விடாதீர்கள், அது துளையை அடைக்கும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் முதுகிலும் மார்பிலும் பரு இருந்தால் அங்கே மட்டும் எண்ணெயைத் தவிர்த்துவிடலாம். முதுகுப் பருவுக்கு ஜெல்லை விட, பென்சாயில் பெராக்சைடு உள்ள வாஷ் வசதி. குளிக்கும்போது தடவி 2 முதல் 5 நிமிடம் விட்டு நன்றாக அலச வேண்டும்.

அலசாமல் விட்டால் துணி போய்விடும். இந்தப் பொருளுக்கு வெளுக்கும் குணம் உண்டு. மைதாவை வெண்மையாக்கவும் இதைப் பயன்படுத்துவார்கள். தோலை அது வெளுக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நீலத் துண்டு, கலர் சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம், தலையணை உறை எதில் பட்டாலும் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திட்டு விழும், துவைத்தாலும் போகாது. வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போட்ட பாயில் படுப்பவர்கள் மேலே ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளலாம். புருவம், மீசை, டை அடித்த முடியிலும் படாமல் பார்க்க வேண்டும். தடவிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வேறு மருந்தோடு சேர்ப்பதில் கவனம் வேண்டும். பருவுக்கே போடும் இன்னொரு மருந்தான ட்ரெட்டினோயின் ஜெல்லோடு ஒரே நேரத்தில் போட்டால் இது அதைச் சிதைத்துவிடும். ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரிக்க வேண்டும். அதே வகையைச் சேர்ந்த அடாபலீன் அப்படிச் சிதைவதில்லை, இரண்டும் சேர்ந்த ஜெல்லே விற்கிறது. மங்குக்காகப் பலர் போடும் மூன்று மருந்துக் கலவைக் கிரீமில் கறையை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன் இருக்கும். அதோடு பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தால் தோலில் தற்காலிகமாகக் கறுப்புச் சாயம் ஏறும். பருவுக்குத் தரும் டாப்சோன் ஜெல்லோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் வரும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, ஸ்க்ரப் எல்லாவற்றையும் இந்த மாதங்களில் தள்ளி வையுங்கள். சவரம் செய்த கையோடு போடாமல் அந்த இரவை விட்டுவிடுங்கள்.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதையும்போது பென்சீன் உண்டாகலாம், அது புற்றுநோய் தரக்கூடியது. இதை வைத்து 2024-இல் பெரிய கவலை எழுந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 95 பொருட்களைச் சோதித்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவில், 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிகக் குறைவு என்று கண்டது. மீதியில் சில பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பயந்து நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பைக் பெட்டியிலும், காரின் முன்கண்ணாடி அடியிலும், தகரக் கூரைக்குக் கீழும் டியூபை வைக்கவே கூடாது. வீட்டில் வெயில் படாத அலமாரி, அல்லது ஃபிரிட்ஜ் கதவுத் தட்டு. உறைய விட வேண்டாம். வெயிலில் ரேக் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். காலாவதித் தேதி நெருங்கியதையும் எடுக்காதீர்கள்.

பரு மாதிரித் தெரிவதெல்லாம் பரு இல்லை. நெற்றி, முதுகு, மார்பில் ஒரே அளவில் சிறுசிறு பொரியாக வந்து அரித்தால், வியர்த்தால் கூடினால், உடம்பில் தேமலும் இருந்தால், அது ஈஸ்ட் பூஞ்சையாக இருக்கலாம். இந்த ஜெல் அதற்குப் பெரிதாக உதவாது, வேறு மருந்து வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கிரீம் போட்டு, நிறுத்தியதும் முகம் முழுக்கச் சிவந்து பொரிந்தவர்களும் இதை வைத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. எரிச்சல் இரட்டிப்பாகும்.

தோலுக்கடியில் கட்டி கட்டியாக வலியோடு வருவது, குழி விழுவது, பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதோடு தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வருவது, 12 வாரம் சரியாகப் போட்டும் குறையாதது, இவை எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. கர்ப்பமாக இருப்பவர்களும் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட டியூபுகள் எல்லாவற்றையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதை எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் எழுதிக் கொண்டு போங்கள். ஸ்டீராய்டு கலந்த டியூப் அதில் இருந்தால் மறைக்காமல் முதலில் அதைக் காட்டுங்கள், அதை வைத்துத்தான் டாக்டர் எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வார்.