வெட்டாத துணி

செப்டம்பர் 22, 2025, திங்கள்
அலமாரியில் தைக்க வேண்டிய துணி 31 பை. தீபாவளிக்கு நான்கு வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு லைனிங் பிளவுஸ் என்று வைத்தால்கூட 16 நாளில் முடிந்துவிடும். கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை. போன வருடமும் இடிக்கவில்லை.

செப்டம்பர் 23
மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். பாபின் கேஸைக் கழற்றித் துடைத்தேன். நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்கினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தால் ஒரு கொக்கிகூட வைத்திருக்கவில்லை.

செப்டம்பர் 25
டீச்சரம்மா போன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 26
இன்றும் இரண்டு தடவை அடித்தது. எடுத்து என்ன சொல்வது? பாதி ஆகிவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வெட்டவே இல்லை. துணி வந்தது ஆவணியில். திருபுவனம் பட்டு, மயில்கழுத்து நிறம், சேலை விசிறி மடிப்பில் இருந்தது. டீச்சரம்மா மகளுக்குத் தலைதீபாவளி. "அவசரமில்ல, நிதானமா தைங்க" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தினமும் ஒருமுறை அதை மேசையில் விரிக்கிறேன். அளவு பிளவுஸை மேலே வைக்கிறேன். சாக்பீஸ் எடுக்கிறேன். அப்புறம் மடித்துப் பையில் போட்டுவிடுகிறேன். தையல் என்றால் பிரித்துத் தைக்கலாம், கத்தரி போட்டதை என்ன செய்வது? 80 சென்டிமீட்டர் பிட். கைக்குப் பார்டர் வரவேண்டும். சேலையோடு சேர்த்து நெய்த துணி, தப்பினால் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

அரக்குப் பட்டு ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்குப் போதும்.

செப்டம்பர் 27
என் மகள் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறாள். உளவியல், இரண்டாம் வருடம். டிமோத்தி பிச்சில், ஃபியூஷா சிரோயிஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2013இல் எழுதியதை எனக்காகத் தமிழில் சொன்னாள். வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு நேரம் போதாமல் இல்லையாம். அந்த வேலையை நினைத்தால் வரும் கலக்கத்தைத்தான் தள்ளுகிறார்களாம். தள்ளியதும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிக்காகவே மறுபடி தள்ளுகிறார்களாம்.

பையை மூடியதும் எனக்கு மூச்சு நன்றாக வருகிறதே, அது இதுதானா? 27 வருடமாகத் தைக்கிறேன். காலை ஐந்துக்கு எழுந்திருக்கிறேன். என்னைச் சோம்பேறி என்று நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 29
1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை வைத்து 25 நிமிடம் 25 நிமிடமாகப் படித்தாராம். அந்தக் கணக்கில் மகள் போனில் மணி வைத்துக் கொடுத்தாள். தைக்க எனக்கு அது வேண்டாம், மிதியில் கால் வைத்துவிட்டால் தானாக ஓடும். வெட்டுவதற்குத்தான் அது வேண்டும். பருத்தித் துணிகள் எட்டு வெட்டிவிட்டேன். மீதிக்கான லைனிங்கை எல்லாம் நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

மயில்கழுத்து பைக்குள்ளேயே இருக்கிறது.

அக்டோபர் 1
ஆயுத பூஜை. மெஷினுக்கும் கத்தரிக்கும் சந்தனம், குங்குமம், பூ. இன்று தொடக்கூடாது. தொடக்கூடாத நாளில் கை பரபரக்கிறது. இன்று மட்டும் வெட்டலாம் என்றிருந்தால் அந்தப் பட்டை வெட்டியிருப்பேன்.

அக்டோபர் 2
விஜயதசமி. நான்கு பிளவுஸ் முடிந்தது. பட்டு இல்லை.

அக்டோபர் 6
"நாளைக்குன்னு நாலு தடவை சொல்லிட்டீங்கக்கா." துணி கொடுத்திருந்த ஒரு பெண் வாசலில் நின்று சத்தமில்லாமல்தான் சொன்னாள். துணி தயாராகாததைவிட அந்த 'நாளைக்கு'தான் அவளைப் புண்படுத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சொல்லும்போதே எனக்குத் தெரியும், நாளைக்கு ஆகாது என்று.

மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் முடியக்கூடிய தேதியை எழுதி ஊசி குத்தினேன். இரண்டு பேருக்குப் போன் செய்து, தீபாவளிக்கு ஆகாது என்று சொன்னேன். ஒருத்தர் சரி என்றார். இன்னொருத்தர் வந்து துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். 350 ரூபாய் போனது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

டீச்சரம்மா பையில் தேதி எழுதவில்லை.

அக்டோபர் 9
அரக்குப் பட்டு. அன்றைக்குப் பார்டருக்காகத் துணியை மடிக்காமல் ஒற்றையாகப் போட்டு வெட்டினேன். இரண்டு கையும் இடது கையாக வந்துவிட்டது. நான்கு தவணையில் பணத்தைக் கொடுத்து அடைத்தேன். அந்தம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அப்புறம் வரவும் இல்லை.

அக்டோபர் 11
மழை. லைனிங் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் கொடி கட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 13
நானே டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னும் வெட்டலைங்க. பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். நீங்க வெட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அக்டோபர் 14
வந்தார். பழைய செய்தித்தாளில் முதலில் கையை வரைந்து வெட்டினேன். ஒரு பக்கம் 'இடது' என்றும், திருப்பினால் 'வலது' என்றும் பெரிதாக எழுதினேன். பட்டில் அதை வைத்து, திருப்பி வைத்து, நான்கு முறை பார்த்தேன். டீச்சரம்மா துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கத்தரி பட்டில் போகும்போது ஒரு சத்தம் வரும், பருத்தியில் அது வராது. 11:10க்கு முடிந்தது. இரண்டு கையையும் மேசையில் எதிரெதிராக வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. அவருக்குக் காப்பி போடப் போனேன், டம்ளரைச் சரியாகப் பிடிக்க வரவில்லை.

அக்டோபர் 16
ஆறு பை பாக்கி. மயில்கழுத்துக்கு ஹெம்மிங் மட்டும்.

அக்டோபர் 17
ஹெம்மிங் மட்டும். அரை மணி நேர வேலை. உட்காரவே இல்லை. முடிந்தால் அந்தப் பெண் போட்டுப் பார்ப்பாள் அல்லவா.

அக்டோபர் 18
காலை 5:20. வீட்டில் யாரும் எழவில்லை. மழை விட்டிருக்கிறது. மயில்கழுத்து நூல் ஊசியில் கோத்தாகிவிட்டது.