இடுப்புவலிக்கு டாப்பர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

படுக்கையை விட்டு எழும்போது இடுப்பில் இறுகப் பிடித்துக்கொண்டு, குளித்து முடித்து வேலைகளில் இறங்கிய பிறகு தானாகவே தளர்ந்துவிடும் வலி எனக்கு நெடுநாளாக இருந்துவந்தது. எக்ஸ்ரேயில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்த இயன்முறை மருத்துவர் நான் எதில் படுக்கிறேன் என்று விசாரித்தார். வீட்டில் இருப்பது கையால் அழுத்தினாலும் அமுங்காத காயர் மெத்தை என்று சொன்னதும், மெத்தையையே மாற்றுவதற்கு முன்னால் அதன்மேல் ஒரு டாப்பர், அதாவது மெத்தையின் மேல் விரிக்கும் மெல்லிய மெத்தை, போட்டுப் பார்க்கச் சொன்னார். அதைத் தேடியபோது படித்ததையும் பார்த்ததையும் அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லா முதுகுவலிக்கும் படுக்கை காரணம் ஆகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்ந்திருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்; சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இளவயதிலேயே தொடங்கி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறைகிற வலியும் முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு எந்த மெத்தையும் மருந்து அன்று.

டாப்பர் என்பது கடினமான மெத்தையை மென்மையாக்கும் பொருளே தவிர, பள்ளம் விழுந்த மெத்தையைச் சரிசெய்யும் பொருள் அன்று. இரண்டு அங்குல ஃபோம் தனக்குக் கீழே உள்ள பள்ளத்தின் வடிவத்தைத் தானும் எடுத்துக்கொள்ளும். எனவே விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு நூலை இருவர் இழுத்துப் பிடித்து, இடுப்பு அழுந்தும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் டாப்பருக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது என் கருத்து. கட்டிலின் பிளைவுட் பலகை வளைந்திருந்தாலும் இதே கதைதான். மெத்தையைத் தூக்கி அதையும் பார்த்துவிடுங்கள்.

முதுகுவலி என்றதும் நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை, மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படு என்பதாகும். மருத்துவர்களும் நெடுங்காலம் கடினமான படுக்கையையே பரிந்துரைத்து வந்தார்கள். இந்த நம்பிக்கையைச் சோதித்த ஓர் ஆய்வு 2003ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ கோவாக்ஸ் தலைமையிலான குழுவினர், குறிப்பான காரணம் கண்டறியப்படாத நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 313 பேரில் ஒரு பாதியினருக்குக் கடினமான மெத்தையையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்தார்கள். எண் ஏற ஏற மென்மை கூடுகிற, ஒன்று முதல் பத்து வரையிலான அளவுகோலில் முதல் மெத்தை 2.3, இரண்டாவது 5.6. படுத்திருக்கும்போது உள்ள வலி, எழும்போது உள்ள வலி, அன்றாட வேலைகளுக்கு வரும் தடை ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதலாக நலம் பெற்றார்கள். ஆய்வு மெத்தைகளைப் பற்றியதே அன்றி டாப்பர்களைப் பற்றியது அன்று; ஆனாலும் மிகக் கடினமான ஒரு மெத்தையை நடுத்தரத்துக்குக் கொண்டுவர ஒரு டாப்பர் உதவும் என்று எண்ணுவதற்கு அது போதிய காரணம் தருகிறது.

நாம் படுக்கும் விதமும் இதில் சேர்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர்களின் முழு எடையும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குகிறது. அந்த இரண்டு இடங்களும் சற்று அமிழ்ந்தால்தான் நடுவில் உள்ள முதுகெலும்பு நேராக நிற்கும். படுக்கை அமுங்காவிட்டால் இடைப்பகுதி தாங்கலின்றித் தொங்கும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இவ்வளவு மென்மை தேவைப்படாது. குப்புறப் படுப்பவர்கள் மென்மையான டாப்பர் வாங்கினால் வயிறு கீழே இறங்கி இடுப்பு பின்புறமாக வளைந்து வலி கூடவே வாய்ப்பு உண்டு. கடையில் சோதிக்கும்போது நுனியில் உட்கார்ந்து பார்ப்பது பயன்படாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கும் விதத்திலேயே பத்து நிமிடமாவது படுத்திருக்க வேண்டும். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இனி பொருள். மைக்ரோஃபைபர் அடைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த டாப்பர்கள் ஓட்டல் படுக்கையைப் போன்ற சுகத்தைத் தரும். ஆனால் சில மாதங்களில் அமுங்கிப் போகும், முதுகைத் தாங்காது. அவற்றின் மேல் போட்டிருக்கும் ஜிஎஸ்எம் எண்ணை (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது) பார்த்து மயங்க வேண்டாம்.

மெமரி ஃபோம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் அதுதான் முன்னால் நிற்கிறது. 1960களில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் பயன்படுத்தும் நோக்கத்தோடு உருவான பொருள் இது. உடல் வெப்பம் பட்டதும் இளகி உடலின் வடிவத்துக்கு இணங்குவது இதன் இயல்பு. தோள் வலிக்கு இது இதமாக இருக்கும்தான். ஆனால் வெப்பநிலையைப் பொறுத்து இது மாறுகிறது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. குளிரூட்டிய காட்சிக்கூடத்தில் சரியாகத் தாங்கிய அதே ஃபோம், மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் கூடுதலாக அமிழும். உடல் சூட்டையும் வெளியே விடாது. இரவில் ஏசி போட்டுப் படுப்பவர்களுக்கு ஒத்துவரலாம், எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

நான் எடுத்தது இயற்கை லேடெக்ஸ். கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வடிக்கும் அதே ரப்பர் பாலை நுரைக்கவைத்து அச்சில் ஊற்றி வேகவைத்துச் செய்வது; இந்த டன்லப் முறை 1929ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் உள்ளது. அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்த கணமே எழும்பும். எனவே இரவில் புரண்டு படுப்பது எளிது. பாளம் முழுவதும் ஊசித் துளைகள் இருப்பதால் மெமரி ஃபோம் அளவுக்குச் சூடு தங்குவதில்லை. விலை கணிசமாகக் கூடுதல், முதல் சில வாரங்கள் ரப்பர் வாடை இருக்கும், ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

அடர்த்தியும் கடினமும் வேறு வேறு என்பதை விற்பவர்களே பல நேரம் குழப்பிவிடுகிறார்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. அது பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் காட்டுமே தவிர, கடினமா மென்மையா என்பதைக் காட்டாது. இந்த எண்ணை வீட்டிலேயே சரிபார்க்கலாம். 78க்கு 60 அங்குலத்தில் இரண்டு அங்குல டாப்பரின் கன அளவு ஏறத்தாழ 0.153 கன மீட்டர். அடர்த்தி 50 என்று எழுதியிருந்தால், உறையைக் கழற்றிய பிறகு அது ஏழரை கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்து கிலோதான் இருக்கிறதென்றால் உண்மையான அடர்த்தி 33ஐ ஒட்டித்தான் இருக்கும். எடைபோடும் கருவியில் முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன், பிறகு சுருட்டிய டாப்பரை அணைத்துக்கொண்டு நின்றேன். கழித்துப் பார்த்ததில் பதினோரு கிலோவைத் தாண்டியது. இயற்கை லேடெக்ஸ் கன மீட்டருக்கு 75 கிலோ அளவில் இருக்கும் என்பதால் மனம் நிறைந்தது.

தடிமன் பெரும்பாலோருக்கு இரண்டு அங்குலம் போதும். உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் அதைத் தாண்டி அடிமெத்தையையே தொட்டுவிடுவார்கள் என்பதால் மூன்று அங்குலம் பார்க்கலாம். அளவு விஷயத்தில் இணையத்தில் வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும்: ஆசாரி செய்த நம் ஊர்க் கட்டில்கள் பெரும்பாலும் ஆறேகாலுக்கு ஐந்து, அதாவது 75க்கு 60 அங்குலம், இணையத்தில் விற்பவை பெரும்பாலும் 78 அங்குல நீளம். நான்கு மூலைகளிலும் எலாஸ்டிக் பட்டை இல்லாத டாப்பர் இரவில் நகர்ந்துகொண்டே இருக்கும். பிரித்த பிறகு திரும்பப் பெறுவார்களா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மெத்தைக்குத் தரும் சோதனைக் காலத்தைப் பலர் டாப்பருக்குத் தருவதில்லை. இன்னொன்று, இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயவைக்கும் பழக்கத்தில் லேடெக்ஸையும் வெயிலில் போட்டுவிடாதீர்கள், மஞ்சளாகிப் பொடிந்துவிடும். நிழலில் காற்றாட விட்டாலே போதும்.

டாப்பர் வந்த பிறகு தோளில் இருந்த அழுத்தம் உடனே குறைந்தது. எழும்போது பிடிக்கும் இடுப்புவலி மெல்ல மெல்லத்தான் தணிந்தது. இதே காலத்தில் பயிற்சிகளையும் விடாமல் செய்துவந்ததால் முழுப் பெருமையையும் டாப்பருக்கே கொடுத்துவிட முடியாது. அதோடு, இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின்மீது அழுத்தம் கூடுகிறது என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார். அது எந்தப் படுக்கையில் படுத்தாலும் நடப்பதுதான் என்பதால், எழுந்த கையோடு குனிந்து வாசல் பெருக்கிக் கோலம் போடுவதை அரை மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறேன்.